பர்ஜ் வால்வுக் கோளாறைக் கண்டுபிடித்துத் தந்த புளூடூத் ஓபிடி ஸ்கேனர்

செக் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கி ஒரு வாரம் ஆகியும் காரின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பணிமனைக்குக் கொண்டுபோகும் முன் கோளாறு என்னவென்று நானே பார்த்துவிட விரும்பி, ஒரு புளூடூத் ஓபிடி (காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுகளைப் படிக்கும் வசதி) ஸ்கேனரை வாங்கினேன். தீப்பெட்டி அளவே உள்ள இந்தக் கருவி, ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் இருக்கும் 16 முனைகள் கொண்ட சாக்கெட்டில் பொருந்தி, காரின் கணினியில் உள்ள தகவல்களைச் செல்பேசிச் செயலிக்கு அனுப்புகிறது.

முதலில் வந்த கோளாறுக் குறியீடு பி0455. பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பில் பெரிய கசிவு என்பது அதன் பொருள். டேங்க்கில் எழும் ஆவி வெளிக்காற்றில் கலந்துவிடாமல் கரி நிரப்பிய கேனிஸ்டரில் தேங்கி நிற்கும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை உறிஞ்சி எரிப்பதற்காக உள்ளே விடும். இந்தப் பாதையில் காற்றுப் புகுகிறது என்பதை மட்டுமே குறியீடு சொல்கிறது. எந்த உறுப்பு பழுது என்று அது சொல்வதில்லை. குறியீட்டைப் பார்த்தவுடனேயே உறுப்புகளை வாங்கி மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நானும் வழக்கம்போல் பெட்ரோல் டேங்க் மூடியைத்தான் முதலில் சந்தேகித்தேன். அதன் ரப்பர் வளையம் நன்றாக இருந்தது. இறுக்கி மூடிக் குறியீட்டை அழித்த பிறகும் நான்காம் நாள் அது திரும்பி வந்தது.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பை அதன்பின்தான் உணர்ந்தேன். பெட்ரோல் நிரப்பிய கையோடு ஸ்டார்ட் செய்தால் மட்டும் இன்ஜின் திணறுவதை முன்பே கவனித்திருந்தேன், ஆனால் எரியும் விளக்கோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டால் டேங்க்கின் ஆவி நேராக இன்ஜினுக்குள் போய்க் காற்று-பெட்ரோல் கலவையைக் கெடுக்கும் என்பது நினைவுக்கு வந்ததும், செயலியின் நேரலைத் தரவுப் பக்கத்தைத் திறந்தேன். சூடேறிய இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பர்ஜ் வால்வுக்குக் கணினி இடும் கட்டளை 0 சதவீதம் என்று திரையில் காட்டும்வரை காத்திருந்து, கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தேன். மூடியிருக்க வேண்டிய வால்வு விரலை இழுத்தது. விரலை எடுத்தபோது குறுகியகால எரிபொருள் திருத்தம் (உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பக் கணினி உடனுக்குடன் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 3 சதவீதத்திலிருந்து 14 வரை ஏறியது. மீண்டும் அடைத்ததும் இறங்கியது. ஐயத்துக்கு இடமே இல்லாத அந்தத் தருணம் எனக்குப் பெரும் மனநிறைவைத் தந்தது.

இன்ஜினை நிறுத்தி, சூடு நன்றாகத் தணிந்தபின் வால்வைக் கழற்றினேன் (பெட்ரோல் ஆவியோடு பழகும் வேலை, அருகில் நெருப்பு கூடவே கூடாது). மின்சாரம் இல்லாத நிலையில் அடைத்திருக்க வேண்டிய அதன் வழியே காற்று தாராளமாகப் போனது. புதியதைப் பொருத்த இருபது நிமிடங்கள் ஆயின.

செயலியில் என்னை வருத்திய குறை ஒன்று உண்டு. குறியீட்டைப் படிக்கும் பொத்தானுக்கு ஒட்டியே அழிக்கும் பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் உறுதி கேட்காமலேயே அழித்துவிடுகிறது. அழிக்கும்போது குறியீடு மட்டும் போவதில்லை; கோளாறு பதிவான நேரத்து வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களும், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். அப்படியே புகைச் சான்றிதழ் சோதனைக்குப் போனால், சோதனை முழுமையடையவில்லை என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். ஆவி அமைப்பின் சோதனையோ எளிதில் நடந்துவிடாது: இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும், டேங்க்கில் பெட்ரோல் பெரும்பாலும் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு அது முடிய ஆறு நாட்கள் ஆயின. விளக்கு பிறகு எரியவில்லை.

வேலை முடிந்ததும் கருவியைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சாவியை அணைத்தாலும் அங்கே பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நாட்கணக்கில் நிற்கும் காரில் பேட்டரி இறங்கிவிடக்கூடும். பி0442, பி0456 ஆகிய குறியீடுகள் வந்தாலும் இந்தக் கருவியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அவை முறையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் துளையளவு கசிவைக் குறிப்பவை. அத்தகைய துளையை விரலாலும் காதாலும் தேடுவது வீண். குழாய்களுக்குள் புகையைச் செலுத்திப் பார்க்கும் இயந்திரம் உள்ள பணிமனைக்கே போக வேண்டும்.