கருப்புக் கல் விண்கல்லா? காந்தத்தைவிட டைல்ஸ் துண்டை நம்பலாம்

கருப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது காந்தத்தை. நான் எடுப்பது டைல்ஸ் துண்டு. குமரி மாவட்டத்துக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

பெரும்பாலான விண்கற்களில் இரும்பு-நிக்கல் உலோகம் இருப்பதால் காந்தம் இழுக்கும். துளிகூட இழுக்காத கல்லை அநேகமாக ஒதுக்கிவிடலாம். காந்தத்தின் பயன் அவ்வளவுதான். மணவாளக்குறிச்சிக் கருமணலில் வலுவான காந்தத்தைப் புரட்டினால் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம் அப்பிக்கொண்டு வரும். நம்ம பக்கத்துக் கடினப் பாறையான சார்னோகைட்டில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது கலந்திருக்கும். பழைய கொல்லுப்பட்டறை இரும்புக் கழிவான சிட்டமும் ஒட்டும். இதற்குமேல், வலுவான காந்தம் பட்டால் நிஜ விண்கல்லில் பதிந்திருக்கும் ஆதிகாலக் காந்தத் தடயமே அழிந்துபோகும்.

டைல்ஸில் அந்த ஆபத்து இல்லை. மெருகில்லாத வெள்ளைப் பின்பக்கத்தில், தூசியைத் தட்டிவிட்டு, கல்லை அழுத்தி ஒரு இழுப்பு. எங்கள் விளையில் கிணற்றடியில் கிடந்த கல் காந்தத்தில் ஒட்டியதால் வீட்டில் எல்லோரும் விண்கல் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். டைல்ஸில் இழுத்ததும் செங்காவிக் கோடு விழுந்தது. ஹேமடைட் என்ற இரும்புத்தாது கலந்த இரும்புக்கல்! கருஞ்சாம்பல் கோடு விழுந்தால் மேக்னடைட் என்று சந்தேகிக்கலாம். விண்கல் பொதுவாகக் கோடு போடாது. நெடுநாள் மண்ணில் கிடந்து துருவேறியது மட்டும் லேசான பழுப்புத் தீற்றல் விடலாம். அதனால் உடைந்த உள்முகம் இருந்தால் அதை வைத்தே இழுங்கள். வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் அது டைல்ஸ் உதிர்ந்த தூளாக இருக்கலாம். விரலால் துடைத்துப் பார்த்தால் கீறல் தெரியும்.

கோடு விழவில்லை என்பதால் மட்டும் விண்கல் ஆகிவிடாது. சார்னோகைட்டும் கோடு போடாது. அப்புறம்தான் அரம். ஒரு மூலையில் நகக்கண் அளவுக்கு ராவிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னும் உலோகப் பொட்டுகளும் கடுகளவு உருண்டை மணிகளும் தெரிந்தால் நம்பிக்கை வைக்கலாம். குமிழ் ஓட்டைகள் நிறைய இருந்தால் அநேகமாகச் சிட்டம்தான்.

தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்ப்பதும் நல்ல வழியே. சாதாரண கல் விண்கற்களின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 3.3 முதல் 3.7 மடங்கு, கிரானைட் வகைப் பாறைகள் 2.7 பக்கம் நிற்கும். இதை நான் அதிகம் செய்து பார்த்ததில்லை, சின்னக் கல்லுக்குச் சமையலறைத் தராசு போதுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இத்தனையும் தாண்டிய கல்லை மேற்கொண்டு ராவாமல், படத்தோடும் கிடைத்த இடத்தின் குறிப்போடும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதுங்கள். நிக்கல் அளவை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.