தூண்டில் போடும் இடம்: செயற்கைக்கோள் படமா, வத்தத்தில் நடையா?

வேலூரில் ஏரி, அணை என்று தூண்டில் போட்டுப் பழகிய கைக்குக் கடலோரம் புதுசு. கிளம்பும் முன் இடம் பார்க்க இரண்டு வழி இருக்கிறது: செயற்கைக்கோள் படம் பார்ப்பது, இல்லை வத்தத்தில், அதாவது கடல் நீர் வடிந்திருக்கும் நேரத்தில், கரையோரம் நடப்பது.

படம் பார்ப்பது முதல் நாள் ராத்திரி வேலை. முகத்துவாரம், பாலம், கல் கொட்டிய கரை, வண்டி போகும் பாதை எல்லாம் தெரியும். ஆனால் படம் பழசு. நம்ம பாலாறே வயலூர் அருகே கடலில் சேரும் இடத்தைப் பாருங்கள்: வெள்ளம் வந்தால் வாய் திறக்கும், வற்றினால் மணல்மேடு அடைத்துவிடும். கருமையாகத் தெரிவதெல்லாம் ஆழமும் இல்லை, பாசியாகவும் இருக்கலாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வத்தத்தில் நடந்தால் அடித்தளமே வெளியே வந்துவிடும். நீர் அடிமட்டத்துக்கு இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்விடுங்கள். கடைசியாக நீர் வடியும் வாய்க்கால் எது என்று குறியுங்கள். நீர் திரும்ப ஏறும்போது கொடுவா மீன் அந்த வழியாகத்தான் மடவை மீன் குஞ்சைத் துரத்தி வரும். ஆழம் பார்க்கத் தூண்டில் நரம்பில் 30 கிராம் ஈயம் கட்டி எறிந்து, நரம்பு தளரும்வரை எண்ணுங்கள். பக்கத்தைவிட எண்ணிக்கை கூடினால் அங்கே பள்ளம். மெல்ல இழுக்கும்போது வழுக்கி வந்தால் மணல், தட்டித் தட்டி வந்தால் கல். கல்லில் நரம்பு அறுபடும், மீனும் அங்கேதான்.

ஒரு சிக்கல்: நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் அட்டவணை துறைமுகத்துக்கு உரியது. கழிமுகத்தின் உள்ளே நீர் தாமதமாகத்தான் திரும்பும்.

எங்கள் ஓட்டு நடைக்கே. மூன்று இடம் பொறுக்கத்தான் படம்.