பாப்பாவுக்குப் "புதுப் பேர்" வாங்கி 3,500 ரூபாய் ஏமாந்துட்டேன்

இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 3,500 ரூபாய் போச்சு. இதுல மாட்டாம இருக்க என்ன பண்ணணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

பாப்பா பிறந்து 18 நாள் ஆகியிருந்துச்சு. எங்க பார்த்தாலும் யாழினிதான், நம்ம பொண்ணுக்கு யாருமே வைக்காத தமிழ்ப் பேரா இருக்கணும்னு எனக்கு ஆசை. ராத்திரி பால் கொடுத்துக்கிட்டே போன் பாக்கறப்போ, "உங்க குழந்தைக்கு மட்டுமேயான சங்கத் தமிழ்ப் பேர்" உருவாக்கித் தர்ற ஒரு பக்கம் கண்ணுல பட்டுச்சு. எந்தப் பக்கம்னு சொல்லல, இந்த மாதிரி நிறைய இருக்கு.

பேசின பொண்ணு எடுத்ததும் காசு கேக்கல. "உங்க அம்மா பேர் என்னக்கா?"ன்னு கேட்டா. அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு, பேத்தியைப் பாக்கல. சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அம்மா பேரோட முதல் எழுத்தை பாப்பா பேர்ல வெச்சுத் தர்றேன்க்கா." குரல் தழுதழுக்குது! அந்த ஒரு வரிக்குத்தான் 3,500 கொடுத்தேன். 21 நாளுக்குள்ள பேர் கொடுக்கலன்னா பிறப்புச் சான்றிதழ் சிக்கலாகும்னு அவசரப்படுத்தினதையும் நம்பினேன்.

ரெண்டு நாள்ல அழகா ஒரு அட்டை வந்துச்சு. "லியாழி. பொருள்: யாழின் முதல் ஒளி. ஆதாரம்: குறுந்தொகை 431." வீட்டுக்காரர் சொந்தக்காரங்க குரூப்ல உடனே போட்டுட்டார்.

சித்தப்பா தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். திட்டியிருந்தாகூடப் பரவாயில்ல, மெதுவா கேட்டார். "ஏம்மா, தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல லகரம் வராதே. அதனாலதானே லட்சுமியை இலட்சுமின்னு எழுதறோம்? குறுந்தொகை 401-ஆம் பாட்டோட முடிஞ்சிடும்மா, 431-க்கு நான் எங்க போக?" யாழுக்கு ஒலிதான் இருக்கும், ஒளி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே அப்பதான் உறைச்சுது.

அன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கத்தை அடிவரைக்கும் தள்ளிப் பாத்தேன். நாலு மாசம் முன்னாடி இதே அட்டை, இதே லியாழி, வேற குழந்தை. பொருள் மட்டும் "கடல் முத்து".

கேட்டா, "டீம்கிட்ட சொல்லியிருக்கேன்க்கா". மறுநாள், "பேர் நல்லாத்தானேக்கா இருக்கு?" அதுக்கடுத்த நாள் வேற யாரோ ஒரு ஆள், "டிஜிட்டல் சேவைக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்". அம்மா பேரை வெச்சு இப்படிப் பண்ணலாமான்னு கேட்டேன். பிளாக் பண்ணிட்டாங்க. 3,500 ரூபாய். பாப்பாவுக்கு ரெண்டு மாச டயபர்.

ஆன்லைன் பண மோசடிக்கான 1930 நம்பருக்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தாச்சு, பாப்போம்.

சொல்றேன்னு சொன்னேன்ல. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க. பாட்டு நம்பர் சொன்னா அந்தப் பாட்டையே அனுப்பச் சொல்லுங்க. 21 நாள்ங்கறது பிறப்பைப் பதியறதுக்கு, பேருக்கு இல்ல. பேர் இல்லாமலே பதிஞ்சுட்டு 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாமச் சேர்க்கலாம். இன்னும் இருக்கு, பாப்பா எழுந்துட்டா. குரூப்ல எல்லாரும் "லியாழிக் குட்டி"ன்னு ஹார்ட் போட்டுக்கிட்டே இருக்காங்க, அங்க வேற போய் விஷயத்தைச் சொல்லணும்.