சிடிசி வொண்டர்: தொற்றுநோய் இறப்புக் கணக்கில் கோடு எங்கே உடைகிறது?

அமெரிக்காவில் எந்த ஆண்டு, எந்த நோயால், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு இறப்புச் சான்றிதழ்களிலிருந்தே பதில் எடுத்துத் தரும் சேவை, அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு அமைப்பான சிடிசி நடத்தும் வொண்டர். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பயன்பாட்டு விதிகளை ஏற்றுக்கொண்டால் படிவம் திறக்கும். பொதுச் சுகாதாரம் படிப்பவர்களும் தரவுச் செய்தியாளர்களும் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய கருவி இது. ஆனால் தொற்றுநோய்களின் நீண்டகாலப் போக்கைப் பார்க்க வருகிறவர்கள் இதில் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

முதல் குறை, தொடக்க ஆண்டு. வொண்டரில் இறப்புக் கணக்கு 1968இல்தான் தொடங்குகிறது. சரிவின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நிமோனியா, இன்ஃபுளுயன்சாவையும் சேர்த்து, தொற்றுநோய் இறப்பு 1900இல் லட்சம் பேருக்கு 797, 1980இல் 36. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா உச்சமும் இங்கே கிடைக்காது. அந்த ஆண்டுகளுக்குப் பழைய வருடாந்திரத் தொகுதிகளைத்தான் புரட்ட வேண்டும். அதிலும் கவனம் தேவை: 1900இல் நாடளாவிய இறப்புப் பதிவு வளையத்துக்குள் இருந்தவை 10 மாநிலங்களும் தலைநகரும் மட்டுமே. எல்லா மாநிலங்களும் உள்ளே வந்தது 1933இல்.

இருக்கும் தரவும் துண்டு துண்டாக இருக்கிறது: 1968–1978, 1979–1998, 1999–2020, பிறகு 2018 முதல் இன்றுவரை. கடைசி இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஒட்டும்போது 2018, 2019, 2020 இரண்டு முறை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பொறி 1998க்கும் 1999க்கும் நடுவில் இருக்கிறது. நிமோனியா, இன்ஃபுளுயன்சா இரண்டையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள். 1998இல் 91,871 இறப்புகள்; 1999இல் 63,730. ஒரே ஆண்டில் 28,000 பேர் பிழைத்துவிட்டார்களா? இல்லை. 1999இல் இறப்புக் காரணங்களுக்கான சர்வதேச நோய்க் குறியீட்டு முறை ஐசிடி-9இலிருந்து ஐசிடி-10க்கு மாறியது. பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த ஒருவருக்குக் கடைசியில் நிமோனியா வந்து, மருத்துவர் சான்றிதழின் முதல் பகுதியில் நிமோனியாவையும் இரண்டாம் பகுதியில் பக்கவாதத்தையும் எழுதியிருந்தால், புதிய விதிப்படி அடிப்படைக் காரணம், அதாவது இறப்பு எந்த நோயின் கணக்கில் சேர்கிறதோ அது, பக்கவாதம். பழைய முறையில் அதே சான்றிதழ் நிமோனியா கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய ஒப்பீட்டு விகிதம் என்று ஒன்று வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே சான்றிதழ்களை இரண்டு முறைகளிலும் குறியிட்டு, புதிய முறையில் வந்த எண்ணிக்கையைப் பழைய முறையில் வந்ததால் வகுத்துக் கண்ட எண் அது. நிமோனியா, இன்ஃபுளுயன்சாவுக்கு அது 0.6982. 91,871ஐ அதனால் பெருக்கினால் 64,144 வருகிறது. 63,730க்குப் பக்கத்தில் வைத்தால் சரிவு ஏறக்குறைய காணாமல் போகிறது. வொண்டர் இந்தப் பெருக்கலைத் தானாகச் செய்து தருவதில்லை. நாம்தான் செய்ய வேண்டும். நோய்க்கு நோய் விகிதம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. இரத்தத்தில் தொற்று பரவும் செப்டிசீமியாவுக்கு இது ஒன்றுக்கு மேல், அதாவது அங்கே எண்ணிக்கை கூடும்.

எச்ஐவி கோட்டிலும் இதுபோல ஒன்று உண்டு. எய்ட்ஸ் முதலில் கவனத்துக்கு வந்தது 1981இல். இறப்புப் பதிவில் அதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது 1987இல். அதற்கு முந்தைய இறப்புகள் வேறு தலைப்புகளின் கீழ் சிதறிக் கிடக்கின்றன. வரைபடத்தில் 1987க்கு முன் தெரியும் வெறுமையை நோய் இல்லாத காலம் என்று படிப்பது பெரும் தவறு.

இனி படிவத்தை நிரப்பும் முறை. 'குரூப் ரிசல்ட்ஸ் பை' என்ற இடத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். வயதுச் சீராக்கப்பட்ட விகிதத்துக்கான (மக்கள்தொகையின் வயது அமைப்பு மாறுவதன் பாதிப்பை நீக்கிய விகிதம்) கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். முதியோர் பங்கு கூடிக்கொண்டே போகும் நாட்டில் வெறும் எண்ணிக்கை போக்கைக் காட்டாது. வயதுவாரியாகப் பிரித்தால் இந்த விகிதம் கிடைக்காது, ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். நோய்க் குறியீட்டில் தொற்றுநோய்களுக்கான ஏ00 முதல் பி99 வரை மட்டும் எடுத்துவிட்டு "தொற்றுநோய் எல்லாம் வந்துவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். நிமோனியா, இன்ஃபுளுயன்சா இருப்பது ஜே09–ஜே18இல். கோவிட் இருப்பது யு07.1இல். இதை விட்டால் 2020இல் அடிப்படைக் காரணமாகப் பதிவான 3,50,831 கோவிட் இறப்புகளும் உங்கள் வரைபடத்தில் இருக்காது.

குறியீடுகளைத் தொகுத்துத் தரும் 113 காரணப் பட்டியலைப் பயன்படுத்தினால் தாய்த் தலைப்பும் அதன் உட்பிரிவுகளும் சேர்ந்தே வரும். எல்லா வரிகளையும் கூட்டினால் ஒரே இறப்பு இரண்டு முறை எண்ணப்படும்.

மாநிலம், மாவட்டம் என்று இறங்கினால் 10க்குக் குறைவான எண்ணிக்கைகளை மறைத்துவிடுகிறார்கள். 20க்குக் குறைவான இறப்புகளில் கணக்கிட்ட விகிதத்துக்கு 'அன்ரிலையபிள்' என்ற முத்திரை விழும். முத்திரை, சிறிய எண்ணிக்கையில் விகிதம் நம்பத்தகுந்ததல்ல என்பதற்கு. மறைப்பது தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் காக்கும் ஏற்பாடு, சரியான ஏற்பாடு. மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்து மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். காசநோய் போன்ற குறைந்த எண்ணிக்கைக்கு ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்து எடுத்தால் வேலை நடக்கும். நிரல் எழுதி ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்கும் வாயில்) வழியாக எடுக்க நினைப்பவர்களுக்கு: இறப்புத் தரவில் நாடு முழுவதுக்குமான கணக்கு மட்டுமே அந்த வழியில் வரும். மாநில வாரியாக வேண்டுமென்றால் படிவம்தான் கதி. பல மாநிலங்களை ஒப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். சிடிசி மாற்ற வேண்டிய விஷயம்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பின் அடியில் நீளமான குறிப்புகள் வரும். விரிதாளில் இடைஞ்சலாக இருக்கிறதென்று பலர் அழித்துவிடுகிறார்கள். எந்தத் தேதியில், எந்தக் குறியீடுகளுக்கு எடுத்தது என்ற விவரம் அங்கேதான் இருக்கிறது. அண்மை ஆண்டுகளின் எண்கள் தற்காலிகமானவை, பின்னால் மாறும். குறிப்புகளைத் தனித் தாளில் ஒட்டி, கோப்போடு சேர்த்தே சேமித்து வையுங்கள்.