சந்தன நிறமா, இளஞ்சாம்பலா? கடலூர் வீட்டுச் சுவர் அனுபவம்

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். 2024 கோடையில் ஹாலுக்குச் சந்தன நிறமும் படுக்கையறைக்கு இளஞ்சாம்பலும் அடித்தோம். இரண்டும் ஒரே கம்பெனியின் மேட் எமல்ஷன் (பளபளப்பில்லாத பெயிண்ட்), ஒரே பெயிண்டர். பட்டி, பிரைமர், அதன் மேல் இரண்டு கோட்டிங் என்று வேலையும் ஒன்றுதான்.

பகலில் சாம்பலை அடித்துக்கொள்ள ஆளில்லை. மத்தியான வெயிலில் அறைக்குள் நுழைந்தாலே கண் குளிரும். இரவில்தான் வம்பு. 6500 கெல்வின் வெள்ளை எல்இடி போட்டால் நீலம் தட்டி, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் பல்புக்கு மாற்றிய பிறகுதான் அறைக்கு உயிர் வந்தது. சந்தனம் எந்த வெளிச்சத்துக்கும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஷேட் கார்டில் பார்த்ததைவிட ஒரு படி அழுத்தமாகத் தெரிகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் நிறத்தை ஒன்றின்மேல் ஒன்று வீசுவதால் அப்படி. கார்டில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது.

உண்மையான சோதனை ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையில் வெளிச்சுவர் விரிசல் வழியாக இரண்டு அறையிலும் ஓதம் இறங்கியது. சுவர் காய்ந்ததும் உப்பு பூத்தது. செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து, ஈரம் ஆவியாகும்போது மேலே வந்து படிகமாகி பெயிண்டைத் தள்ளுகிறது. இதை எந்த நிறமும் தடுக்காது. ஆனால் அந்த வெள்ளைப் பொடி சாம்பல் சுவரில் வாசலிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. சந்தனத்தில் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. (பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி போட்டால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.) மீதி டப்பாவை வைத்து டச்சப் செய்த இடமும் சாம்பலில் ஒட்டுப்போட்டதுபோல் தனியாக நிற்கிறது.

சுவிட்ச் போர்டைச் சுற்றிய கைக்கறை விஷயத்தில் சாம்பல் ஜெயிக்கிறது. ஹாலில் அப்பா சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெய் வட்டம் விழுந்துவிட்டது. அதற்குச் சந்தனத்தைத் திட்டிப் பயனில்லை, மேட் பெயிண்ட் எண்ணெயை உறிஞ்சும். லேசாகப் பளபளக்கும் ஷீன் வகை என்றால் துடைத்துவிடலாம், ஆனால் பட்டியின் மேடு பள்ளத்தை அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை முதலில் வெளிவிரிசலை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, படுக்கையறையின் வெளிப்பக்கச் சுவருக்கு மட்டும் சந்தனம் அடிக்கப் போகிறோம். மற்ற மூன்றும் சாம்பலாகவே இருக்கட்டும்.