பிரித்தானியக் கேள்விக்கொத்தா, அவுஸ்திரேலியக் கேள்விக்கொத்தா?

பரந்தன் பக்கம் 20 மெஷின் போட்ட தையல் நிலையமொன்றில் கணக்கு எழுதுகிறேன். பெரிய காமன்டுகளிலிருந்து, அதாவது ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து, வெட்டின துணி வரும், தைத்து அனுப்புவோம். லண்டன் போவதும் உண்டு, மெல்பேர்ன் போவதும் உண்டு. போன வருடம் இரண்டு பக்கத்தாலும் கட்டாய உழைப்புப் பற்றிக் கேள்விக்கொத்து வந்தது. கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று வருடா வருடம் அறிக்கை போடச் சொல்லும் அந்த நாட்டுச் சட்டங்கள் எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆண்டு வருமானம் 36 மில்லியன் பவுணுக்கோ 100 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கோ குறையாத கம்பனிகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் அவர்கள் அறிக்கை எழுத, கேள்வி கடைசியில் என் மேசைக்கு வரும். இரண்டு ஆவணக் கோவை வைத்திருக்க ஆளில்லை. அவுஸ்திரேலிய முறையை எடுத்தேன்.

பிரித்தானியாவின் 2015 சட்டம் லேசு. என்னென்ன எழுதலாம் என்று சொல்லுமே தவிர, எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. 'ஒன்றும் செய்யவில்லை' என்று போட்டாலும் அது அறிக்கைதான். அந்தக் கேள்விக்கொத்தைத் தேத்தண்ணி ஆறமுன் நிரப்பிவிட்டேன்.

அவுஸ்திரேலியாவின் 2018 சட்டத்தில் ஆபத்து எங்கே, என்ன செய்தீர்கள், செய்தது பலித்ததா என்பதெல்லாம் கட்டாயம். அறிக்கை அரசின் பொதுப் பதிவேட்டில் ஏறும். போன வருடம் எழுதினதை எவரும் எடுத்துப் பார்க்கலாம். பிரித்தானியாவிலும் 2021இலிருந்து பதிவேடு உண்டு, ஏற்றுவது கம்பனியின் விருப்பம்.

என்னை மாட்டினது 'ஆபத்து எங்கே' என்ற கேள்வி. முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்து தங்கி வேலை செய்யும் பிள்ளைகளின் அடையாள அட்டைகள் எங்கள் மேசை லாச்சிக்குள் கிடந்தன. "துலையாமல் இருக்கட்டும் எண்டுதானே" என்றார் முதலாளி. நல்ல மனதோடுதான். ஆனால் சர்வதேச தொழில் ஸ்தாபனம் கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகளில் அட்டையைப் பிடித்து வைப்பதும் ஒன்று, கடனால் கட்டிப்போடுவதும் ஒன்று. வன்னியில் நுண்கடன் இல்லாத வீடு எத்தனை? கிழமைக் காசு கட்ட முற்பணம் கேட்பார்கள், கொடுத்துச் சம்பளத்தில் வெட்டுவோம். "அக்கா, முற்பணம் கட்டி முடிக்காமல் வேலையால நிக்கேலாதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்படி இல்லை என்றும் எழுதி வைக்கவில்லை.

அறிக்கை போடாவிட்டால் இரண்டு நாட்டிலும் நேரடித் தண்டப்பணம் கிடையாது. பல்லுள்ள சட்டம் வேண்டுமென்றால் ஜேர்மனியில் 2023இலும் கனடாவில் 2024இலும் வந்தவை இருக்கின்றன. கனடாவில் 250,000 டொலர் வரை தண்டம். அந்த நாடுகளுக்கு நாங்கள் தைத்ததில்லை, அதனால் எங்களைப் போன்ற சின்ன இடத்தில் அவை எப்படி வந்து இறங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

பராமரிப்புத்தான் பாடு. முதல் வருடம் மூன்று நாள் போனது. இரண்டாம் வருடம் வேலை குறைவு, ஆனால் அதே லாச்சியை மறுபடி கேட்பார்கள், தப்பேலாது. அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தோம். முற்பணம் நிலுவையில் இருந்தாலும் விலகலாம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதன்பின் இரண்டு பேர் நிலுவையோடு வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். "அறவிட முடியாக் கடன் எண்டு எழுதிவிடும்" என்றார் முதலாளி. எழுதினேன். பலித்ததா என்ற கேள்விக்கும் அதையே எழுதினேன்.