ராத்திரி ஸ்லோ குக்கர்ல ஓட்ஸ் கஞ்சி – ரெண்டு வருஷ அனுபவம்

ரெண்டு வருஷமா வாரத்துல மூணு நாலு நாள் ராத்திரி ஸ்லோ குக்கர்ல (உள்ள பீங்கான் பாத்திரம் வச்சு, மெதுவா மணிக்கணக்கா வேக வைக்கிற கரண்ட் குக்கர்) ஓட்ஸ் போட்டுட்டுதான் படுக்கப் போறேன். முதல் மாசத்துல என்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா பேசாம அந்தக் காசுக்கு வேற ஏதாவது வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன், ஏன்னா அந்த மாசம் பூரா நான் சாப்பிட்டதை விட சுரண்டினதுதான் ஜாஸ்தி.

எல்லாரும் சொல்றது என்னன்னா 1 கப் ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு (நசுக்காம துண்டு துண்டா வெட்டின ஓட்ஸ்) 4 கப் தண்ணி ஊத்தி லோ செட்டிங்ல வச்சுட்டு 8 மணி நேரம் தூங்கு, காலைல கஞ்சி ரெடி. நானும் அப்படியே அந்தப் பீங்கான் பாத்திரத்துல நேரா போட்டேன். விடியக்காலைல முழிப்பு வந்தப்போ வீடு பூரா பிஸ்கட் சுட்ட மாதிரி வாசனை, ஆஹான்னு புரண்டு படுத்துட்டேன், ஓரம் காந்துற வாசனைதான் அதுன்னு காலைல மூடியத் தொறந்தப்பதான் புரிஞ்சுது. நடுவுல கூழ், சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்குப் பழுப்புத் தோல், அடில அட்டை மாதிரி ஒரு தகடு. வெண்ணெய் தடவிப் பாத்தேன், தண்ணிய 5 கப் ஆக்கிப் பாத்தேன், சுரண்டுறது கொஞ்சம் ஈஸியாச்சு, காந்துறது நிக்கல.

அப்புறம் உக்காந்து யோசிச்சப்போதான் விஷயம் பிடிபட்டுச்சு. இந்த மாதிரி குக்கர்ல ஹீட்டர் கம்பி பெரும்பாலும் பாத்திரத்தோட பக்கவாட்டைச் சுத்தித்தான் இருக்கும், அதனால முதல்ல சூடாகுறது ஓரம்தான். லோ-ன்னா கம்மி சூடு, ஹை-ன்னா அதிக சூடுன்னு நான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், பல மாடல்ல ரெண்டுமே கடைசில கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழ ஒரே இடத்துலதான் போய் நிக்கும், லோ அங்க போய்ச் சேர நேரம் எடுத்துக்கும், அவ்வளவுதான். அடுப்புல 25, 30 நிமிஷத்துல வேகுற சாமான் இது, அதை 8 மணி நேரம் அங்க உக்கார வச்சா ஓரம் தீயாம என்ன பண்ணும்? இர்விங் நாக்சன்னு ஒருத்தர் 1940-ல இந்த மாதிரி குக்கருக்குப் பேட்டன்ட் வாங்கினாரு, அப்புறம் அவர் கம்பெனிய ரைவல்னு இன்னொரு கம்பெனி வாங்கி 1971-ல கிராக்-பாட்னு பேர் மாத்தி விட்டாங்க, அதுக்கு முன்னாடி இதை பீன்ஸ் வேக வைக்கிற பாத்திரம்னுதான் வித்துட்டு இருந்தாங்களாம். பீன்ஸுக்கு 8 மணி நேரம் சரிதான். ஓட்ஸுக்கு இல்ல, நாமதான் நம்ம தூக்கத்தோட நீளத்தை அது தலைல கட்டுறோம்.

என்னைக் காப்பாத்துனது பாத்திரத்துக்குள்ள பாத்திரம். ஒரு எவர்சில்வர் கிண்ணம் (சூடு தாங்குற கண்ணாடியும் ஓகே), அதுல அரை கப் ஸ்டீல் கட் ஓட்ஸ், 2 கப் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, அந்தக் கிண்ணத்தை குக்கருக்குள்ள இறக்கி, வெளிய சுத்தி உள்ள இருக்கிற மட்டத்துக்கே தண்ணி. மூடி நல்லா உக்காரணும், கிண்ணம் மூடிய முட்டக்கூடாது. லோ, 7-8 மணி நேரம். ஹீட்டர் சூடு நேரா ஓட்ஸ் மேல படாம தண்ணி வழியாத்தான் வருது, அதனால காந்துறதுக்கு வழியே இல்ல. இது பழகினதுக்கு அப்புறம் ஒரு நாள் கூட தீஞ்சதில்ல. காலைல மூடியத் தொறந்தா மேல தண்ணி தனியா, கீழ ஓட்ஸ் தனியா நிக்கும், பயந்துடாதீங்க, நல்லாக் கிண்டிட்டு 10 நிமிஷம் விட்டா சேர்ந்து கெட்டியாயிடும். கிண்ணத்தை எடுக்கத்தான் கொஞ்சம் வித்தை வேணும், இடுக்கி இருந்தா நல்லது, நான் ஒரு தடவை துணிய வச்சுப் பிடிச்சு துணி அந்தக் கொதிதண்ணில நனைஞ்சு விரலைச் சுட்டுக்கிட்டேன்.

ரோல்டு ஓட்ஸ் போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. போடாதீங்க. அது ஏற்கனவே ஆவில வேக வச்சு நசுக்கினது, ராத்திரி பூரா வச்சா போஸ்டர் ஒட்டுற பசைதான் கிடைக்கும். பார்லி அருமையா வரும், நேரா பீங்கான்ல போட்டாக்கூட ஓரளவு தாங்குது, முழுசா கரையாம மணி மணியா நிக்கும். பால் மட்டும் ராத்திரியே ஊத்தாதீங்க, ஓரத்துல திரிஞ்சு மேல ஏடு கட்டி ஒரு மாதிரி ஆயிடுது, காலைல சூடு பண்ணி ஊத்திக்கிட்டா போதும். உலர்ந்த திராட்சை ராத்திரியே போட்டா பலூன் மாதிரி ஊதி உள்ள ருசியே இருக்காது. பேரீச்சம்பழம் நேர்மாறு, கரைஞ்சு போய் கஞ்சிக்கே இனிப்பு கொடுத்துடும், அதுக்கப்புறம் நான் சக்கரை போடுறதையே விட்டுட்டேன்.

நடுவுல டைமர் பிளக் ஒண்ணு வாங்கி ராத்திரி 2 மணிக்கு ஆன் ஆகுற மாதிரி வச்சுப் பாத்தேன். என்னோடது பட்டன் வச்ச டிஜிட்டல் குக்கர், கரண்ட் வந்தாலும் நாம பட்டன் அமுக்குற வரைக்கும் அது சும்மாதான் இருக்கும்னு காலைல ஊறின பச்சை ஓட்ஸைப் பாத்ததுக்கு அப்புறம்தான் உறைச்சுது. திருகுற குமிழ் வச்ச மாடல்னா வேலை செய்யும், ஆனா ஈரமான சாமானை மணிக்கணக்கா வெளிய விட்டு வைக்கிறதே எனக்கு ஒத்து வரல, பால் கலந்திருந்தா கண்டிப்பா கூடாது.

கரண்ட் மிச்சமாகும்னு நினைச்சு வாங்காதீங்க. என்னோடது 160 வாட், 8 மணி நேரம் முழுசா இழுத்தாலும் 1.3 யூனிட்டுக்குள்ளதான், பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா அடுப்புல அரை மணி நேரத்துல முடியுற வேலைக்கு இது எப்படியும் ஜாஸ்திதான். மிச்சமாகுறது காலைல அடுப்பு பக்கத்துல நின்னு கிண்டுற நேரம். எங்க வீட்டுல ஒருத்தர் 6 மணிக்குக் கிளம்புவார், இன்னொருத்தர் 9 மணிக்குத்தான் எந்திரிக்கவே செய்வார், வார்ம்-ல போட்டுட்டா ரெண்டு பேருக்கும் சூடா இருக்கு. லேட்டா எந்திரிக்கிறவருக்கு கொஞ்சம் கெட்டியாத்தான் கிடைக்கும், அரை டம்ளர் பால் விட்டுக் கிண்டிக்கட்டும். தனியா இருக்கிறவங்க, அரை மணி நேரம் அடுப்பு பக்கத்துல நிக்க முடியுறவங்க, இதுக்காகன்னு ஒரு குக்கர் வாங்க வேண்டாம்.

கழுவும்போது ஒண்ணு: பீங்கான் சூடா இருக்கையில பச்சைத் தண்ணியத் தொறந்து விடாதீங்க. என் முதல் பாத்திரம் அப்படித்தான் போச்சு, டிக்னு ஒரு சத்தம், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கோடு.